அஞ்சு மணி ஜெபம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இல்லை, கண்ணை மூடவில்லை. மூடியதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான். மூடினால் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது. ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவள் மற்றவர்களை வேவு பார்ப்பவள் என்பது அவள் எண்ணம். பல்கலைக்கழக விடுதிக்குப் போன நாளிலிருந்து நான் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்பதும்.

பெரியாஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. அப்பாவின் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பல வாரங்களுக்கு வாயைத் திறக்கக் கூடாது. வலது கையில் மாவுக்கட்டு. பாஸ்டர், வாழ்நாளெல்லாம் பேசிப் பிழைத்த மனிதர். கஞ்சியை இரண்டு முறை வடிகட்டி உறிஞ்சுகுழல் வழியாகக் கொடுக்கிறேன். குழலைப் பிடித்திருக்கும் என் கையைத்தான் பார்க்கிறார், முகத்தை அல்ல.

ஞாயிற்றுக்கிழமையை ஒருமுறை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஆராதனையில் மூன்றாவது பாட்டு. இசக்கி முன்வரிசைப் பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ஞானஸ்நானம் என்று அப்பா அறிவித்திருந்தார். அது அவள் ஊருக்குள் தெரிந்துவிட்டது. அவளுடைய அண்ணன் சுடலைமுத்து ஆட்களோடு வந்தான். எங்க பிள்ளைய வெளிய அனுப்பு என்றான். அப்பா வாசலில் குறுக்கே நின்று, "உக்காந்து பேசுவோம்ப்பா" என்றார். அதன் பிறகு அவர் பேசவில்லை. உருட்டுக்கட்டை முதலில் கையில் விழுந்தது. பிறகு தாடையில். பைபிள்களைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பாய்கள் வேகமாக எரிந்தன. நான் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

பொன்னுத்தாய் அக்காதான் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்க முள்வேலிக்குள் பாய்ந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் விதவை. சபைக்கு வர ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராத்திரி அம்மா அவளுடைய முதுகிலிருந்து முள் எடுத்தாள்.

இசக்கி இப்போது பத்திரமாக இருக்கிறாள். எங்கே என்பது நான்கைந்து பேருக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 7, புதன்

அஞ்சு மணி ஜெபம் நிற்கவில்லை. தினமும் விடிகாலை ஐந்து மணிக்குச் சபையார் எல்லோரும் போனில் ஒரே இணைப்பில் வருவார்கள். அப்பா ஜெபிப்பார், மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஆமென் சொல்வார்கள். இப்போது அம்மா ஜெபிக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் தலையணைமேல் வைக்கிறாள், அவரும் கேட்கட்டும் என்று. பக்கத்துக் கட்டில்காரர் முதல் நாள் முறைத்தார். இன்று தன் சர்க்கரை வியாதியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அம்மாவின் ஜெபத்தில் விலாசங்கள் இருக்கின்றன. ஆண்டவரே, ஆண்கள் வார்டிலே, ஜன்னல் ஓரத்திலே, தண்ணீர்க் குழாய்க்கு எதிர்க் கட்டிலிலே படுத்திருக்கிற உம்முடைய ஊழியக்காரனைத் தொடும். ஆண்டவர் வார்டு மாறிப் போய்விடுவாரோ என்ற பயம். சின்ன வயதில் என் பரீட்சைக்கு ஜெபிக்கும்போதும் பாடத்தின் பெயர், ஹால் டிக்கெட் நம்பர் எல்லாம் சொல்வாள்.

இதைப் பற்றி யாராவது ஆய்வு செய்யலாம். நான்கூட.

ஆகஸ்ட் 8, வியாழன்

இசக்கிக்குத் துணி கொண்டுபோனேன். வடக்குப் புதூர், மேட்டுத்தெரு. ரிட்டயர்டு ஆன அருளம்மாள் டீச்சரின் வீடு. தெருப்பக்கம் இல்லாமல் சந்து வழியாக வெளியே ஒரு படிக்கட்டு, அதன் மேலே ஒற்றை அறை. பொன்னுத்தாய் அக்காவும் வந்தாள். எனக்கு வழி தெரியாது.

இசக்கி மெலிந்திருந்தாள். ஆனால் பேச்சு குறையவில்லை. "டீச்சர் வீட்டுல டிவி இருக்குக்கா. ஆனா அவுகளும் பாட்டுப் படிச்சுட்டே இருக்காக, டிவியும் பாட்டுப் படிச்சுட்டே இருக்கு. ஒரு நாடகம் பாக்க முடியல" என்றாள். பொன்னுத்தாய் சிரித்து, முதுகு வலித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

எதற்காக ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டேன். நல்ல முறையில்தான் கேட்டேன். படித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது வரும் ஒரு குரல் இருக்கிறது, அதைத் தவிர்க்க முயன்றேன்.

"பாஸ்டரம்மா ஒரு நாள் எம்பேரச் சொல்லி ஜெபிச்சாக. எங்க வீட்ல எம்பேரு ஏசுறதுக்குத்தான். அன்னைக்குத்தான் அது நல்லாருக்குன்னு தெரிஞ்சது."

கொஞ்சம் யோசித்து, "சும்மா சொல்லலக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்றைய ஜெபம் நீளம். அம்மா அழுதாள். அழும்போது அவளுடைய தமிழ் அழகாகிவிடுகிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதி வைக்கிறேன்:

"வடக்குப் புதூரிலே, மேட்டுத்தெருவிலே, உம்முடைய அடியாள் அருளம்மாளுடைய மாடி அறையிலே, ஒளிந்திருக்கிற எங்கள் இசக்கியை மறைத்தருளும் ஆண்டவரே. அந்தச் சந்துப் படிக்கட்டிலே உம்முடைய தூதனை நிறுத்தும். முதல் படியிலே நிறுத்தும்."

முதல் படியில். எவ்வளவு துல்லியமான விசுவாசம். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள், போன் இரைந்தது. நான் மட்டும்தான் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

நடுவில் அப்பா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். விடாமல் தட்டினார். வலி என்று நினைத்து நர்ஸைக் கூட்டிவந்தேன். ஊசி போட்டார்கள். தூங்கிவிட்டார்.

மதியம் துணி துவைத்தேன். சோப்பு தீர்ந்தது.

ஆகஸ்ட் 10, சனி

இசக்கியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டீச்சர் போனில் சொன்னது. உச்சி வெயிலில் ஒரு வேன் வந்திருக்கிறது. யாரிடமும் வழி கேட்கவில்லை. முன்வாசலைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேராகச் சந்துக்குள் போய்ப் படி ஏறியிருக்கிறார்கள். இசக்கி சத்தம் போடவில்லையாம். செருப்பைப் போட்டுக்கிடுதேன்னு கேட்டிருக்கிறாள். விடவில்லை. டீச்சர் குறுக்கே போனதில் கீழே தள்ளிவிட்டார்கள், மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

நேராகப் படி ஏறியிருக்கிறார்கள்.

காவல் நிலையத்தில் மூப்பர் சாமுவேல்ராஜ் புகார் கொடுக்கப் போனார். சபையில் அப்பாவுக்கு அடுத்தவர். அண்ணன் தங்கச்சியைக் கூட்டிப் போவதற்கெல்லாம் கேஸ் எழுத முடியாது, அவளே போன் செய்து வரச்சொன்னதாகக் குடும்பம் சொல்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம்.

அம்மா உபவாசம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் இட்லி வாங்கித் தின்றேன். கூட இரண்டு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இசக்கியைக் கிணற்றில் கண்டார்கள். அவர்களுடைய தோட்டத்துக் கிணறு.

தானாகக் குதித்தாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். சாயங்காலத்துக்குள் எரித்தும்விட்டார்கள். சபையாரை ஊர் எல்லையிலேயே நிறுத்தினார்கள். பொன்னுத்தாய் அக்கா மட்டும் அதே ஊர் என்பதால் தூரத்தில் நின்று புகையைப் பார்த்ததாகச் சொன்னாள்.

அம்மா அழவில்லை. முழங்காலில் நின்றாள். ஆஸ்பத்திரித் தரை, ஈரம், பினாயில் வாடை. அரை மணி நேரம் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பிறகு எழுந்து அப்பாவின் படுக்கையைத் தட்டிப் போட்டாள்.

நான் மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. பழக்கம்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

மூப்பரோடு காவல் நிலையம் போனேன். அவர் உள்ளே போனார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். சுடலைமுத்து அங்கே வந்தான். மொட்டை அடித்திருந்தான், தங்கைக்காக. கையில் டீ கிளாஸ். என்னைப் பார்த்ததும் போய்விடுவான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்தான். சத்தமே எழுப்பாமல், சொந்தக்காரனைப்போலப் பேசினான்.

"எப்டிக் கண்டுபுடிச்சோம்னு யோசிக்கியளோ? நீங்கதான சொன்னிய. காலங்காத்தால உங்கம்மா கூப்பாடு எங்க தெருவுல ஒரு வீட்டுப் போன்ல கேக்கும். ஊரு, தெரு, மாடி, படிக்கட்டு வரைக்கும் சொன்னாக." டீயை ஒரு வாய் குடித்தான். "உங்க ஆண்டவரு வாரதுக்குள்ள நாங்க போயிட்டோம்."

நான் மூப்பர் போன வாசலைப் பார்த்தேன்.

"கேஸு கீஸுன்னு போனியன்னு வையி. அடுத்தாப்ல தாடையோட நிக்காது. பாஸ்டர்ட்ட சொல்லு. அவரு தலைய ஆட்டுவாருல்லா."

கிளாஸை மரத்தடியில் வைத்துவிட்டுப் போனான். கண் சிவந்திருந்தது. அழுதிருப்பான் போல. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மூப்பர் வெளியே வந்தார். தற்கொலை என்று முடிக்கப்போகிறார்கள் என்றார். இசக்கி வரச்சொல்லித்தான் போனோம் என்று சாதிக்கிறார்களாம்; ஒளித்து வைத்த இடத்தை வேறு வழியில் தெரிந்துகொண்டு தூக்கிப்போனார்கள் என்று காட்ட டீச்சர் சொல்வது போதாதாம், வேறு யாருடைய வாக்குமூலமும் இல்லையாம்.

நான் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினார்கள். நோயாளிகளுக்கும் ஆளுக்கொரு மிட்டாய். அப்பாவின் மிட்டாயைப் பக்கத்துக் கட்டில்காரர் சர்க்கரை வியாதியோடு தின்றார்.

சாயங்காலம் மூப்பரும் இன்னும் இருவரும் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். இடம் தெரிந்தவர்கள் சிலர்தான். அதில் அந்த ஊர்க்காரி ஒருத்தி. அவள் வீட்டில் இன்னமும் புருஷனின் படத்துக்குப் பக்கத்தில் திருநீற்றுத் தட்டு இருக்கிறது. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. சுடலைமுத்துவின் பெரியம்மாவும் அதே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். பொன்னுத்தாய் என்ற பெயரை முதலில் யாருமே சொல்லவில்லை. பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது என்று முடிவு. சபையில் இது பெரிய தண்டனை. இதற்குமேல் ஒன்று இல்லை. அறிவிப்பை அம்மா செய்யவேண்டும்.

அவள் முதுகில் நான்தான் முள் எடுத்தேன் என்றாள் அம்மா, யாருக்கென்று இல்லாமல். மூப்பர், யூதாசும்கூடத் தட்டில் கை வைத்தவன்தான் பாஸ்டரம்மா என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடி, சம்மதமாக மெல்லத் தலையை அசைத்தார்.

நான் பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்கப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. வரிசை நீளமாக இருந்ததில் ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மா குளிக்கப் போன நேரம் அப்பாவிடம் சொன்னேன். சுடலைமுத்து சொன்னது முழுவதும். முன்தினம் சிலேட் வாங்கிக் கொடுத்திருந்தோம். இடது கையால், குழந்தை எழுத்தில் எழுதினார்.

நானும் கேட்டேன். தட்டினேன்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அன்று கம்பியைத் தட்டியது. ஊசி போட வைத்தது நான்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அம்மாவிடம் சொல்லாதே. தாங்கமாட்டாள்.

பொன்னுத்தாய் தாங்குவாளா என்று கேட்டேன்.

சிலேட்டை அழித்தார். நன்றாக, ஓரம்வரை அழித்தார். எதுவும் எழுதாமல் சாக்குக்கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் பிரசங்கங்களில் எத்தனையோ முறை பயந்த சீஷர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நன்றாகச் சொல்வார்.

அம்மா ஈரத்தலையோடு வந்தாள். என்ன ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கிய என்றாள்.

கணக்கு எளிமையானது. நான் சொல்லாமல் இருந்தால் அம்மா ஜெபித்துக்கொண்டே இருப்பாள். பொன்னுத்தாய் யூதாஸாக இருப்பாள். இசக்கி தானாகக் குதித்தவளாக இருப்பாள். சொன்னால், இந்த வீட்டில் ஜெபிக்கத் தெரிந்த ஒருத்தியும் நின்றுபோவாள்.

எனக்கு ஜெபத்தில் நம்பிக்கை இல்லை. அது நின்றுபோனால் எனக்கு என்ன?

ஆகஸ்ட் 17, சனி

துணி துவைக்கும் கல்லருகே சொன்னேன். அம்மா அப்பாவின் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கடைசிவரை பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டு இரண்டு ஓரத்தையும் இழுத்து விட்டாள்.

"எல்லாரும் ஆமென் சொன்னாகளே" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"தூதன நிறுத்தும்னுதான கேட்டேன்."

படித்ததில் எதுவும் உதவவில்லை. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கவிழ்த்தாள். அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ கண்ணத் தொறந்துட்டுத்தான இருப்ப. அன்னைக்கே உனக்குத் தெரியுமாட்டி?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எரிந்த கூடத்தில் ஆராதனை. சுவர் கருப்பு. பாய் இல்லை, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தோம். பாதிப் பேர் வரவில்லை. வாசலில் ஒரு போலீஸ்காரர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பத்துக்கு முன்னால் அம்மா எழுந்தாள். பொன்னுத்தாயைப் பற்றிய அறிவிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தாள் எதுவும் இல்லை. நேராகச் சொன்னாள்: இசக்கி இருந்த இடத்தை வெளியே சொன்னது நான். ஜெபத்தில் சொன்னேன். அது போன் வழியாக அவர்கள் காதுக்குப் போய்விட்டது. பொன்னுத்தாய் ஒன்றும் செய்யவில்லை.

யாரோ அழ ஆரம்பித்தார்கள். மூப்பர் எழுந்து, இது சத்துருவின் தந்திரம், சாத்தான் நம் ஜெபத்தையே ஆயுதமாக்கினான் என்று தொடங்கினார்.

"சாத்தான் இல்ல மூப்பரே. நாந்தான்" என்றாள் அம்மா. உட்கார்ந்தாள். அப்பத்தட்டு அவளிடம் வந்தபோது வாங்காமல் அடுத்தவளிடம் தள்ளினாள். ரசத்தையும்.

பொன்னுத்தாய் வரவில்லை. வியாழக்கிழமையே யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள் போல. மதியம் அவளுடைய வீட்டுக்குப் போனோம். அந்த ஊருக்குள் நாங்கள் போவதை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பையன் கல்லைக் கையில் எடுத்து, எறியாமல் நின்றான்.

அவள் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுத்தாயின் விரல்கள் நிற்கவில்லை. பசை, லேபிள், அழுத்து, அடுத்தது.

"நீங்க ஆண்டவர்ட்ட சொன்னிய. அவருட்ட வேற எப்டிச் சொல்லுவாக. அத நான் தப்பா எடுக்கல."

அம்மா கையைக் கூப்பினாள்.

"ஆனா எம்பேரு அடிபட்டப்ப ஒரு எட்டு வந்து என்னையக் கேட்டுருக்கலாம்லா பாஸ்டரம்மா. பொன்னுத்தாயி, நீ செஞ்சியான்னு. ஒரே ஒரு வார்த்த."

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். வெயில் எங்கள் காலடிக்கு வந்துவிட்டது. புறப்பட்டோம். தெரு முனைவரை யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

பஸ்ஸில் அம்மா கேட்டாள், சுடலைமுத்து சொன்னதைப் போலீசில் சொன்னால் இசக்கிக்கு ஏதாவது பயன் உண்டா என்று. உண்டு என்றேன். அவள் வரச்சொல்லிப் போகவில்லை, ஒளிந்திருந்தவளைத் தூக்கிப்போனார்கள் என்பது அவன் வாயாலேயே வந்த வார்த்தை. ஆனால் உன் பெயரும் உன் ஜெபமும் கோர்ட்டுவரை வரும் என்றேன். அவன் மிரட்டியதையும் சொன்னேன், அப்பாவைப் பற்றியது.

நடத்துனர் மிச்சச் சில்லறை கொடுத்தார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. அம்மா எடுத்து, தலையணையில் வைத்தாள். ஒவ்வொருவராக இணைந்தார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்மா, ஸ்தோத்திரம் பாஸ்டரம்மா. பிறகு எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி கட்டிய வாய் ஒன்று, கட்டாத வாய் ஒன்று. போனில் யார் வீட்டிலோ சேவல் கூவியது. குக்கர் சத்தம். மூப்பர் தொண்டையைச் செருமினார், தொடங்கவில்லை. யாரும் தொடங்கவில்லை, யாரும் வைக்கவும் இல்லை. அவ்வளவு பேர் ஒன்றாக மூச்சு விடுவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. வெளிச்சம் வந்ததும் ஒவ்வொருவராக விலகினார்கள். அம்மா போனை அணைத்தாள்.

அப்பாவிடம் போய், "நானும் இவளும் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாரோம்" என்றாள்.

அப்பா சிலேட்டைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு எழுத்துகூட எழுத அவர் கை வரவில்லை. சாக்குக்கட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

நிலையத்தில் எழுத்தர் என் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். இதை இப்படியே பதிந்தால் உங்கம்மா பேரும் வருமே பாப்பா, வேறு மாதிரி எழுதலாமே என்றார்.

"சொன்னதச் சொன்னபடியே இருக்கட்டும் ஐயா" என்றாள் அம்மா. மேட்டுத்தெரு, மாடி அறை, சந்துப் படிக்கட்டு, எல்லாவற்றையும் அவரிடம் இன்னொரு முறை வரிசையாகச் சொன்னாள்.

கையெழுத்துப் போட்டேன். நகல் கேட்டேன். இன்ஸ்பெக்டர் வரவேண்டும், மதியம் ஆகும் என்றார்கள். நகல் வாங்காமல் போவதில்லை என்று சொல்லிவிட்டு, வாசல் பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.